வட்டி இல்லாமல் கார்! பூஜ்யத்துக்குள் ஒளிந்திருக்கும் ரூ.72 ஆயிரம்

கையெழுத்துப் போடும் முன் கணக்குப் போடுங்க!

சென்னை:

"வட்டி இல்லை! பாதி பணம் கூட வேண்டாம்! சாவியை வாங்குங்க, வண்டியை ஓட்டிட்டுப் போங்க!"

ஆடி மாதம் வந்தாலும் சரி, ஆயுத பூஜை வந்தாலும் சரி, வருஷக் கடைசி டிசம்பர் வந்தாலும் சரி, கார் ஷோரூம் வாசலில் இப்படி ஒரு போர்டு தொங்கும்.

பஸ் ஜன்னல் வழியாக அதைப் பார்க்கிற குடும்பஸ்தர் மனசு ஒரு நிமிஷம் ஆடிப் போகும். "நாமும் ஒரு கார் வாங்கிட்டா என்ன?"

தப்பில்லை. வாங்கலாம்.

ஆனால் ஒரு கேள்வி. தெருமுனை மளிகைக் கடையில் 500 ரூபாய் கடன் சொன்னாலே கடைக்காரர் முகம் சுளிக்கிறார். முன்பின் தெரியாத ஒரு பைனான்ஸ் கம்பெனி 6 லட்சம் ரூபாயைத் தூக்கிக் கொடுத்து, 2 வருஷம் காத்திருந்து, ஒரு பைசா வட்டி இல்லாமல் திருப்பி வாங்கிக்கொள்ளுமா?

கொள்ளாது. வட்டி இருக்கிறது. யாரோ கட்டுகிறார்கள். யார் என்பதுதான் விஷயம்.

ரிசர்வ் வங்கி போட்ட போடு!

பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது. இதைச் சொன்னது ரிசர்வ் வங்கி.

கிரெடிட் கார்டு பாக்கியை "பூஜ்ய வட்டித் தவணை" என்று சொல்லி வசூலித்த வங்கிகளைப் பார்த்து 2013 செப்டம்பரில் ஒரு சுற்றறிக்கை விட்டது. வட்டியை மறைத்து, அதையே "பிராசசிங் சார்ஜ்" என்ற பெயரில் வாங்குகிறீர்கள், இது நியாயமான நடைமுறை இல்லை என்று அதில் கண்டித்தது.

அதற்குப் பிறகு வங்கிகள் நேரடியாக "பூஜ்ய வட்டி" என்று தம்பட்டம் அடிப்பது குறைந்தது. ஆனால் சரக்கை விற்கிறவர்கள் விடுவார்களா? "வட்டிச் சுமை இல்லாத் தவணை" என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். அதாவது வங்கி வட்டி போடும். அந்த வட்டியைக் கம்பெனியோ டீலரோ ஏற்றுக்கொள்வார்.

டி.வி., பிரிட்ஜ், செல்போன் என்று ஓடிய இந்த வண்டி, கார் ஷோரூமிலும் ஓடுகிறது.

கார் காத்திருக்கும் காலம்

ஒரு காலம் இருந்தது. அம்பாசிடருக்கும் பியட்டுக்கும் பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு ஜனங்கள் வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோதும் அதே கதைதான். அன்றைக்கு எந்தக் கம்பெனியும் "வட்டி இல்லை, வாங்க வாங்க" என்று கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை.

வண்டிக்குக் கடன் என்பது சென்னைக்குப் புதுசும் இல்லை. 1954-ல் இங்கே சுந்தரம் பைனான்ஸ் ஆரம்பித்த காலத்திலிருந்து லாரி, பஸ், கார் எல்லாம் தவணையில் ஓடிய ஊர்தான் இது. ஆனால் அந்தத் தவணையில் வட்டி இவ்வளவு என்று பச்சையாகத் தெரியும்.

அப்போது காருக்காக ஆள் காத்திருந்தார். இப்போது ஆளுக்காகக் கார் காத்திருக்கிறது. யார்டில் நிற்கிற ஒவ்வொரு வண்டிக்கும் டீலர் வங்கிக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். எப்படியாவது தள்ளிவிட வேண்டும். அங்கேதான் பூஜ்யம் பிறக்கிறது.

அமெரிக்காவில் நடந்ததும் இதுதான். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அங்கே ஜனங்கள் கடை கண்ணிக்கே போகாமல் முடங்கினார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி அதே மாதம் பூஜ்ய வட்டிக் கடன் அறிவித்தது. போர்டும் கிறைஸ்லரும் பின்னாலேயே ஓடி வந்தன. வண்டிகள் விற்றன. வட்டியைக் கம்பெனிகளே சுமந்தன.

ஆக, பூஜ்ய வட்டி எப்போதுமே மோசடி என்று சொல்ல முடியாது. அது ஒரு வகைத் தள்ளுபடி. பணமாகக் கொடுக்க வேண்டிய தள்ளுபடியை வட்டியாகக் கொடுக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது அபூர்வம்.

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு!

"கம்பெனி பார்த்துக்கும் சார்!"

ஷோரூமில் நடக்கிற பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

"ஏன் தம்பி, வட்டியே இல்லேங்கறே. அப்ப பைனான்ஸ்காரருக்கு என்னப்பா லாபம்?"

"அதெல்லாம் கம்பெனி பார்த்துக்கும் சார். உங்களுக்கு எதுக்கு சார் அந்தக் கவலை? 6 லட்சம் கடன், 24 மாசம், மாசம் 25 ஆயிரம். பெருக்கிப் பாருங்க சார். சரியா 6 லட்சம்!"

தம்பி சொன்னது பொய் இல்லை. 24 தவணையை 25 ஆயிரத்தால் பெருக்கினால் 6 லட்சம்தான். கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்பதும் உண்மைதான்.

ஆனால் தம்பி ஒன்றைச் சொல்லவில்லை. கேட்டால்தான் சொல்வார். "நான் ரொக்கமா கொடுத்தா விலை என்ன தம்பி?"

இந்த ஒரு கேள்வியில்தான் சூட்சுமம் இருக்கிறது.

கணக்கைப் பாருங்க!

பாரிமுனையில் ஒரு கிளார்க். கையில் சேமிப்பு 2 லட்சம். ஷோரூம் விலை 8 லட்சம் ரூபாய் உள்ள கார் மேல் ஆசை என்று வைத்துக்கொள்வோம். (ஆயுள் வரி, இன்சூரன்ஸ், பதிவுச் செலவு எல்லாம் தனி. அவை எந்த வழியில் வாங்கினாலும் உண்டு.)

முதல் வழி: வட்டி இல்லாத் திட்டம். விலை 8 லட்சம். தள்ளுபடி இல்லை. முன்பணம் 2 லட்சம். மீதி 6 லட்சம், மாதம் 25 ஆயிரம் வீதம் 24 மாதம். பிராசசிங் சார்ஜ், ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்து 12 ஆயிரம்.

முன்பணம் போக மொத்தம் கட்டுவது ரூ.6,12,000.

இரண்டாவது வழி: ரொக்க விலை. டீலர் 60 ஆயிரம் தள்ளுபடி தருகிறார். காரின் விலை 7 லட்சத்து 40 ஆயிரம் ஆகிறது. கையில் உள்ள 2 லட்சம் போக, 5 லட்சத்து 40 ஆயிரம் கடன். இதைத் தன் சம்பளம் வருகிற பேங்க்கில் 9 சதவீத வட்டிக்கு அதே 24 மாதத்துக்கு வாங்குகிறார்.

மாதத் தவணை சுமார் ரூ.24,670. மொத்தம் கட்டுவது சுமார் ரூ.5,92,080.

பாருங்க வேடிக்கையை! வட்டி உள்ள கடனுக்கு 5 லட்சத்து 92 ஆயிரம். வட்டி "இல்லாத" கடனுக்கு 6 லட்சத்து 12 ஆயிரம்.

வித்தியாசம் சுமார் 20 ஆயிரம். பேங்க்கிலும் பிராசசிங் சார்ஜ் உண்டு. அதை 4 ஆயிரம் என்று வைத்தாலும் 16 ஆயிரம் மிச்சம். ஒரு பிள்ளையின் ஸ்கூல் பீஸில் ஒரு பகுதி கட்டிவிடலாம்.

விட்டுக்கொடுத்த தள்ளுபடி 60 ஆயிரம், சார்ஜ் 12 ஆயிரம், ஆக 72 ஆயிரம். இதுதான் அந்தப் பூஜ்யத்தின் விலை! இதை வட்டியாகக் கணக்குப் போட்டால் வருஷத்துக்கு சுமார் 12.6 சதவீதம் வருகிறது. போர்டில் பூஜ்யம். பையிலிருந்து போவது பன்னிரண்டரை!

அதே பூஜ்யம் லாபமாகவும் வரும்

உடனே "இது ஏமாத்து வேலை" என்று எழுந்து போக வேண்டாம்.

அதே காருக்கு ரொக்கத் தள்ளுபடி 20 ஆயிரம்தான், பிராசசிங் சார்ஜும் கிடையாது என்று வைத்துக்கொள்வோம். இப்போது கணக்கு தலைகீழ்.

பேங்க்கில் 5 லட்சத்து 80 ஆயிரம் கடன் வாங்கினால் 9 சதவீத வட்டியில் மொத்தம் கட்டுவது சுமார் ரூ.6,35,930. வட்டி இல்லாத் திட்டத்தில் 6 லட்சம் மட்டும்தான்.

சுளையாக 36 ஆயிரம் லாபம்! இங்கே பூஜ்யத்தைப் பிடித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம் என்பவர்தான் ஏமாளி.

அப்படியானால் எப்போது வாங்குவது, எப்போது விடுவது?

பஸ் டிக்கெட் பின்னால் போடக்கூடிய கணக்கு

பெரிய சூத்திரம் வேண்டாம். இது போதும்.

கடன் தொகையில் பாதியை எடுங்க. அதை பேங்க் வட்டியால் பெருக்குங்க. எத்தனை வருஷமோ அதால் பெருக்குங்க.

மேலே சொன்ன கதையில் கடன் 6 லட்சம். பாதி 3 லட்சம். 9 சதவீத வட்டி என்றால் வருஷத்துக்கு 27 ஆயிரம். 2 வருஷத்துக்கு 54 ஆயிரம்.

அந்த 54 ஆயிரம்தான் எல்லைக் கோடு. விட்டுக்கொடுக்கிற தள்ளுபடியும் சார்ஜும் சேர்ந்து அதைத் தாண்டினால் "வட்டி இல்லை" என்பது நஷ்டம். அதற்குள் இருந்தால் லாபம்.

ஏன் பாதி? முதல் மாதம் 6 லட்சம் பாக்கி. கடைசி மாதம் பாக்கி ஏறக்குறைய ஒன்றுமில்லை. சராசரியாகப் பாதித் தொகைதான் நம் கையில் இருக்கிறது. அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் துல்லியமாகப் போட்டால் 53 ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். வாசலில் நின்று முடிவு செய்ய 54 ஆயிரமே போதும்.

முழுப் பணமும் கையில் வைத்திருப்பவருக்கும் இதே கணக்குதான். பேங்க் கடன் வட்டிக்குப் பதிலாக டெபாசிட் வட்டியைப் போட வேண்டும். 6 சதவீதம் கிடைக்கிறது என்றால் எல்லைக் கோடு 36 ஆயிரம். தள்ளுபடி அதற்கு மேல் என்றால் ரொக்கமாகக் கொடுத்துவிடலாம்.

5 சதவீதம் 9 சதவீதமாகும் மாயம்!

"பூஜ்யம் வேண்டாம்னா 5 பர்சென்ட் பிளாட் போட்டுத் தரேன் சார்" என்று அடுத்த தூண்டில் விழும்.

இந்த "பிளாட்" என்ற வார்த்தையில் உஷார்!

6 லட்சம் கடன், 5 வருஷம், 5 சதவீதம் பிளாட் என்றால், வருஷத்துக்கு 30 ஆயிரம் வீதம் 1 லட்சத்து 50 ஆயிரம் வட்டி. மாதத் தவணை 12,500.

பாதிக் கடனை அடைத்த பிறகும் முழு 6 லட்சத்துக்கே வட்டி போடுகிறார்கள் பாருங்க. குறையும் பாக்கிக்கு வட்டி போடுகிற பேங்க் முறையில் இதே தவணை 9 சதவீதத்தைத் தாண்டும். 5 என்று காதில் விழுவது, நிஜத்தில் 9.

எந்த வட்டியாக இருந்தாலும் "பிளாட்டா, குறையும் பாக்கிக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்க. பதில் மழுப்பலாக வந்தால் அது பிளாட்தான்.

"இப்போ எடுங்க, அப்புறம் கட்டுங்க"

இது இன்னொரு ரகம். "முதல் 3 மாசம் தவணையே கட்ட வேணாம் சார்!"

கேட்க இனிக்கிறது. ஆனால் தவணைக்கு லீவு விட்டால் வட்டிக்கும் லீவு என்று அர்த்தம் இல்லை. 6 லட்சம் கடனுக்கு 9 சதவீதத்தில் மாதம் 4,500 ரூபாய் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். 3 மாதத்தில் 13,500 ரூபாய் அசலோடு சேர்ந்து உட்கார்ந்துகொள்ளும்.

இந்தப் பாடத்தை ஜனங்கள் 2020-ல் படித்தார்கள். கொரோனா காலத்தில் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை 6 மாதம் தவணையை ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. "தவணை தள்ளுபடி" என்றே பலர் நினைத்தார்கள். தள்ளுபடி இல்லை, தள்ளிவைப்புதான். அந்த மாதங்களுக்கான வட்டிக்கு வட்டி போடக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2021 மார்ச்சில் சொன்னது. ஆனால் வட்டியையே ரத்து செய்ய மறுத்துவிட்டது.

அதனால் "அப்புறம் கட்டுங்க" என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "அந்த மாசங்களுக்கு வட்டி யார் கணக்கில்?"

கடைசியில் ஒரு பெரிய தொகையைக் கட்டச் சொல்லும் திட்டமும் உண்டு. மாதத் தவணை சின்னதாக இருக்கும். கடைசித் தவணை மட்டும் லட்சத்தில் வந்து நிற்கும். அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று தெரியாதவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது.

கழுத்தைப் பிடிப்பது வட்டி இல்லை, தவணை!

வட்டி இல்லாத் திட்டங்களுக்குப் பெரும்பாலும் ஆயுள் குறைவு. வட்டியைச் சுமக்கிறவர் எத்தனை வருஷம் சுமப்பார்? அதனால் தவணை கனமாக இருக்கும்.

மாதம் 25 ஆயிரம்! அதோடு பெட்ரோல், சர்வீஸ், பார்க்கிங், வருஷா வருஷம் இன்சூரன்ஸ். 60 ஆயிரம் சம்பளத்தில் பாதிக்கு மேல் போய்விடும். வாடகை, மளிகை, பிள்ளைகள் படிப்பு எல்லாம் மீதியில் நடக்க வேண்டும்.

அதே பேங்க்கில் 5 லட்சத்து 40 ஆயிரத்தை 9 சதவீதத்தில் 5 வருஷத்துக்கு எடுத்தால் தவணை சுமார் 11,210. மொத்த வட்டி 1 லட்சத்து 32 ஆயிரத்தைத் தாண்டும், நிஜம். ஆனால் ஒரு மாதம் ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலும் குடும்பம் ஆடாது.

மிச்சம் பிடிக்கிறோம் என்று கனமான தவணையில் தலையைக் கொடுத்துவிட்டு, நாலாவது மாதம் மூச்சுத் திணறுவதைவிட, கொஞ்சம் வட்டி கட்டி நிம்மதியாகத் தூங்குவது மேல். இதை அவரவர் வீட்டுக் கணக்கு நோட்டுதான் சொல்ல வேண்டும். சேல்ஸ்மேன் சொல்ல முடியாது.

ஒரு தவணை தவறினால்?

பேங்க்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பினால் பேங்க்கும் சார்ஜ் போடும், பைனான்ஸ் கம்பெனியும் சார்ஜ் போடும். செக் திரும்பினால் மட்டும் இல்லை, கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கிற தவணை பணமில்லாமல் திரும்பினாலும் சட்டப்படி வழக்குப் போட வழி இருக்கிறது.

அபராதத்தை வட்டியோடு சேர்த்துக் குட்டி போட வைக்கிற வழக்கத்துக்கு ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் தடை போட்டது. 2024 முதல் அபராதம் தனிச் சார்ஜாகத்தான் வாங்க வேண்டும், அதன் மேல் வட்டி ஏற்றக் கூடாது என்று உத்தரவு.

அடுத்தது, கடன் வரலாறு. தவறிய தவணை சிபில் போன்ற நிறுவனங்களின் பதிவேட்டில் ஏறும். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கப் போகும்போது, "மூணு வருஷத்துக்கு முன்னாடி கார் தவணை லேட்டா கட்டியிருக்கீங்களே" என்று அந்த நோட்டைப் புரட்டுவார்கள்.

தொடர்ந்து தவறினால் வண்டியே போகும். கடன் தீரும் வரை ஆர்.சி. புத்தகத்தில் பைனான்ஸ் கம்பெனி பெயரும் இருக்கிறது. ஆனால் அடியாட்களை அனுப்பி நடுரோட்டில் வண்டியைப் பிடுங்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2007-ல் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் போன் செய்து தொல்லை தரக் கூடாது என்று ரிசர்வ் வங்கியும் 2022 ஆகஸ்டில் அறிவித்தது.

இன்சூரன்ஸில் கை வைப்பார்கள்

வட்டியில் விட்டதை வேறு இடத்தில் பிடிக்கிற வித்தையும் உண்டு. "எங்ககிட்டதான் இன்சூரன்ஸ் எடுக்கணும் சார், அப்பதான் இந்த ஸ்கீம்" என்பார்கள். சீட் கவர், மேட், பாலிஷ், கூடுதல் வாரண்டி என்று பில் நீளும்.

இன்சூரன்ஸ் எங்கே எடுப்பது என்பது வாங்குகிறவர் இஷ்டம். சட்டப்படி கட்டாயம் என்பது மூன்றாம் நபர் இன்சூரன்ஸ்தான். 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு அதை 3 வருஷத்துக்குச் சேர்த்து எடுக்க வேண்டும். வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பாலிசியை 1 வருஷத்துக்கு மட்டும் எடுத்தால் போதும்.

வெளியே ஒரு கொட்டேஷன் வாங்கி, ஷோரூம் கொட்டேஷன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். அந்த வித்தியாசத்தையும் "பூஜ்யத்தின் விலை"யோடு சேர்த்துக்கொள்ளுங்க.

"அட்வான்ஸ் தவணை" என்று 2 தவணையை முதலிலேயே வாங்குவதும் உண்டு. 6 லட்சம் கடன் என்பார்கள். 50 ஆயிரத்தை அன்றைக்கே வாங்கிக்கொண்டால், நிஜமாகக் கொடுத்தது 5 லட்சத்து 50 ஆயிரம்தானே! பிராசசிங் சார்ஜ் மட்டும் 6 லட்சத்துக்குப் போட்டிருப்பார்கள்.

அந்த ஒரு காகிதம்!

வாங்குகிறவர் கையில் ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது.

2024 அக்டோபர் 1 முதல் புதுக் கடன் ஒவ்வொன்றுக்கும் "முக்கிய விவர அறிக்கை" என்ற காகிதத்தை முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. வட்டி, சார்ஜ் எல்லாவற்றையும் சேர்த்து வருஷத்துக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். தமிழில் கேளுங்க!

அதில் இல்லாத சார்ஜை, வாங்குகிறவர் சம்மதம் இல்லாமல் பிறகு கேட்க முடியாது. யோசிக்க குறைந்தது 3 வேலை நாள் அவகாசமும் உண்டு. "இன்னைக்கு சாயங்காலத்தோட ஆபர் முடியுது சார்" என்ற அவசரத்துக்கு மயங்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் காகிதத்திலும் ஒரு ஓட்டை! மேலே சொன்ன கதையில், 12 ஆயிரம் சார்ஜை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்தக் காகிதத்தில் சுமார் 2 சதவீதம் என்றுதான் வரும். விட்டுக்கொடுத்த 60 ஆயிரம் தள்ளுபடி அதில் ஏறாது. ஏனென்றால் அது பைனான்ஸ் கணக்கு இல்லை, டீலர் கணக்கு. அதைச் சேர்த்தால்தான் 12.6 சதவீதம்.

அந்தக் கணக்கை எந்த அதிகாரியும் போட்டுக் கொடுக்க மாட்டார். வாங்குகிறவர்தான் போட வேண்டும்.

ஷோரூமில் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

1. ரொக்கமாக வாங்கினால் கடைசி விலை என்ன? எழுதிக் கொடுக்க முடியுமா?

2. வட்டி இல்லாத் திட்டத்தில் வாங்கினால் அதே தள்ளுபடி, அதே எக்ஸ்சேஞ்ச் போனஸ் உண்டா?

3. பிராசசிங், டாக்குமென்ட், முத்திரைத்தாள் என்று சார்ஜ் எல்லாம் சேர்த்து எவ்வளவு?

4. தவணை இன்றைக்கே ஆரம்பமா, அடுத்த மாதமா? அட்வான்ஸ் தவணை எத்தனை?

5. இடையில் கடனை முடித்தால் அபராதம் உண்டா? (நிலையான வட்டிக் கடனுக்குப் பெரும்பாலும் உண்டு.)

6. இன்சூரன்ஸை வெளியே எடுத்தால் திட்டம் மாறுமா?

7. இந்த வண்டி தயாரான மாதம், வருஷம் எது? (பழைய ஸ்டாக்கைத் தள்ளத்தான் பல பூஜ்யங்கள் வருகின்றன.)

இந்த 7-க்கும் பதில் காகிதத்தில் வந்த பிறகு பேனாவைத் திறந்தால் போதும்.

கடைசித் தவணையோடு முடியவில்லை!

24-வது தவணை கட்டியதும் இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள் பலர். வேலை இன்னும் பாக்கி.

பைனான்ஸ் கம்பெனியிடம் பாக்கி இல்லை என்ற சான்றிதழும், கையெழுத்துப் போட்ட 35-ம் எண் படிவமும் வாங்க வேண்டும். அதை ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்து, ஆர்.சி.யிலிருந்து கடன் பதிவை நீக்க வேண்டும். இன்சூரன்ஸ் பாலிசியிலும் கம்பெனி பெயரை எடுக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு வண்டியை விற்கும்போது, கட்டி முடித்த கடனுக்காக அலைய வேண்டியிருக்கும்.

சொன்னது ஒன்று, பில்லில் வந்தது வேறு என்றால் சும்மா விட வேண்டாம். கடன் விஷயம் என்றால் முதலில் அந்த வங்கிக்கோ பைனான்ஸ் கம்பெனிக்கோ எழுத்தில் புகார். 30 நாளில் சரியான பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். ஷோரூம் விஷயம் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணம் இல்லை.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இது தானம் இல்லை, வியாபாரம். தாராளமாகப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம்!